சாவடியில் நிற்கும் குதிரைகள்

1

நான் கப்பலேறாமல் நின்றுபோய் நேற்றோடு ஒரு வருஷம் ஆகிறது. காரைக்காலில் என்னைப் பற்றிப் பல விதமாகப் பேசிக்கொள்கிறீர்களாம். என் பெரியம்மா மகன் காசிம் நானா, அந்தக் கப்பலில் ஏறி ஊர் வந்து சேர்ந்தவர், எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதியிருக்கிறார். "வியட்நாம்காரி மருந்து வச்சுட்டா" என்கிறதாம் ஒரு கட்சி. "தங்கத்தைப் புதைச்சு வச்சிருக்கான், அதை விட்டு வர மனசில்லை" என்கிறதாம் இன்னொரு கட்சி. புதைத்து வைக்கிற அளவுக்குத் தங்கம் இருந்தால் சைகோனில் சாலையோரமாக உட்கார்ந்து முழம் போட்டுத் துணி விற்க எனக்கென்ன தலையெழுத்தா? மருந்து விஷயமும் பொய். இந்த ஊர் மீன் சாற்றை ஊற்றி லான் வைக்கிற குழம்பை இத்தனை வருஷம் தின்று உயிரோடு இருப்பவனை எந்த மருந்து என்ன செய்துவிடும்?

என்னை நிறுத்தியது ஒரு குதிரை. சிரிக்காதீர்கள். சிரிப்பதானால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

2

குதிரை கிடக்கட்டும், முதலில் அது நின்ற இடத்தைச் சொல்கிறேன். நாங்கள் குடியிருந்தது வீடாகக் கட்டின வீடு அல்ல. அது ஒரு சுங்கச்சாவடி. ஹோக் மோன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வெற்றிலையும் காய்கறியும் சைகோன் சந்தைக்கு வருகிற சாலையில், நகரத்து எல்லையில், பிரெஞ்சுக்காரன் கட்டினது. உள்ளே வருகிற வண்டி ஒவ்வொன்றும் அங்கே நின்று காசு கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நின்று வாங்குவதற்கு வெள்ளைக்காரனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, ஆகவே வசூலை ஏலம் விடுவான். ஏலம் எடுத்தவர் என் தாய்மாமன். மாமு காரைக்காலில் கருவாடு விற்றவர். இங்கே வந்து சாலையை விற்றார்.

கட்டடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இப்போது பார்க்க முடியாது. முகப்பு ஐந்து பட்டையாகச் சாலைக்குள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். பட்டைக்கு ஒரு ஜன்னல். உட்கார்ந்த இடத்திலிருந்தே வருகிறவனையும் பார்க்கலாம், நழுவுகிறவனையும் பார்க்கலாம். பீரங்கிக்குப் பயந்து கட்டினது போல அப்படியொரு தடித்த சுவர். ஜன்னல் திண்டில் என் மகள் படுத்துத் தூங்குவாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கூரைக்கு மர்செய்யிலிருந்து கப்பலில் வந்த ஓடு. இந்த நாட்டில் களிமண்ணே கிடையாது பாருங்கள்!

நெற்றியில் பிரெஞ்சுக் குடியரசின் இரண்டு எழுத்து, சுண்ணாம்பில் புடைப்பாக. அதற்கு மேலே ஒரு வட்டக் குழி. கடிகாரத்துக்காக விட்டது. கடிகாரத்துக்கு அனுமதி வந்தது, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற ஆளுக்கும் உத்தரவு வந்தது, கடிகாரம் மட்டும் கடைசிவரை வரவில்லை. குழியில் புறா குடியேறியது. வண்டிக்காரர்கள் மணி கேட்டால் மாமு வெளியே வந்து, அண்ணாந்து புறாவைப் பார்த்துவிட்டு, ஒரு நேரம் சொல்வார். அவர்களும் தலையாட்டிக்கொண்டு போவார்கள்.

காசு வாங்குகிற ஜன்னல் இருக்கிறதே, அதில்தான் எல்லா சூட்சுமமும். வண்டியில் உட்கார்ந்திருப்பவன் கைக்கு எட்டுகிற மாதிரி உயரத்தில் வைத்தது. நடந்து வருகிறவன் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பவன் எவ்வளவு குட்டையாக இருந்தாலும் வெளியே அதிகாரியாகத் தெரிவான். ஜன்னலுக்குப் பக்கத்தில் கல்தூண், தூணில் ஒரு நீண்ட தேக்கு மரம். இறக்கினால் சாலை அடைபடும், ஏற்றினால் திறக்கும்.

எல்லையில் கட்டினதால் எல்லைக்கோடு எங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடியது. எங்கள் கட்டில் சைகோன் நகரத்தில் கிடந்தது, அடுப்பு கியா தின் மாகாணத்தில் எரிந்தது. கூரை ஒழுகுகிறது என்று எழுதிப் போட்டால் இரண்டு ஆபீஸும் "அந்தக் கட்டடம் எங்களுடையது இல்லை" என்று ஒரே மாதிரி பதில் போடும். வரி கட்டச் சொல்லும்போது மட்டும் இரண்டு பேருக்கும் நாங்கள் சொந்தம்.

3

அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிற வண்டியைத் தோ மோ என்பார்கள். நம் ஊர் ஜட்கா மாதிரி, ஒற்றைக் குதிரை பூட்டின மரக்கூடு. உள்ளே பத்துப் பெண்பிள்ளைகள், பத்துக் கூடை, கூடைக்குள் கோழி. வண்டிக்காரர்கள் கில்லாடிகள். சாவடிக்குச் சற்று முன்னால் மூங்கில் தோப்புக்குள் ஒரு குறுக்குப் பாதை உண்டு. அதில் இறக்கி, சாவடியைச் சுற்றி, அந்தப் பக்கம் ஏறிப் போய்விடுவார்கள். மாமுவுக்கு முன்னால் ஏலம் எடுத்தவர்கள் தோப்புக்குள் தடியாட்களை நிறுத்திப் பார்த்தார்கள். தடியாட்கள் வண்டிக்காரர்களோடு சேர்ந்து சீட்டாடினார்கள்.

மாமு தடியாளை நம்பவில்லை, வண்டிக்காரனிடம் மல்லுக்கு நிற்கவும் இல்லை. அவர் குதிரையைப் பார்த்தார்.

சாவடியில் வந்து நிற்கிற குதிரைக்கெல்லாம் தோல் சீவின கரும்பு ஒரு துண்டு. அவ்வளவுதான் செய்தார். கொஞ்ச நாள் கழிந்தது. வண்டிக்காரன் தோப்புப் பக்கம் கடிவாளத்தை இழுத்தால் குதிரை சாவடிப் பக்கம் கழுத்தை இழுக்க ஆரம்பித்தது. சாட்டையால் அடித்தும் பார்த்தார்கள், காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்த்தார்கள். குதிரை நேரே வந்து, ஜன்னலுக்குக் கீழே நின்று, மூக்கை நீட்டியது. மேலே உட்கார்ந்திருந்தவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு காசை எடுத்தான். கரும்பு தின்னக் கூலியா என்று நம் ஊரில் கேட்பார்கள். கரும்பையே கூலியாகக் கொடுத்து, கொடுத்த கூலிக்கு மேலே பல மடங்கு வாங்கினவர் எங்கள் மாமு. பிரெஞ்சுக்காரன் இதைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தானாம். சிரித்துவிட்டு அடுத்த ஏலத்தில் தொகையைக் கூட்டினான். அவன் பிழைக்கத் தெரிந்தவன்.

பிறகு மோட்டார் வந்தது. ரப்பர் தோட்டத்துத் துரைமார் நின்று நின்று போக எரிச்சல்பட்டார்கள். சுங்கம் ரத்து. மாமுவின் பிழைப்பும் ரத்து. சாவடியை என்ன செய்வதென்று எந்த ஆபீஸுக்கும் தெரியாததால் நாங்கள் அதிலேயே கிடந்தோம். உத்தரவைச் சுவரில் ஒட்டினார்கள். குதிரைக்கு யார் படித்துக் காட்டுவது? அவை வழக்கம் போல வந்து நின்றன. நின்ற இடத்தில் கரும்பு கிடைக்காவிட்டால் அசையமாட்டோம் என்றன. மாமு தலையில் அடித்துக்கொண்டு கரும்பு சீவினார். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை. குதிரை நிற்கிற நேரத்தில் வண்டிக்குள் இருக்கிற பெண்கள் சும்மாதானே இருக்கிறார்கள்? ஜன்னல் வேறு அவர்கள் கண்ணுக்கு நேராக இருக்கிறது. துணியை விரித்துத் தொங்கவிட்டேன். குதிரை மென்று முடிப்பதற்குள் ஒரு கறுப்புச் சாட்டின் துண்டு விற்றுவிடும்.

அப்படி வெற்றிலைக் கூடையோடு வந்து, துணியைக் குறை சொல்லி, விலையைக் குறை சொல்லி, கடைசியில் என்னையும் குறை சொல்லிவிட்டுப் போனவள்தான் லான். பள்ளிவாசலில் அவளுக்குப் பாத்திமா என்று பெயர் வைத்து நிக்காஹ் செய்துகொண்டேன். மாமு மவுத்தான பிறகு கரும்பு சீவுகிற கத்தி அவள் கைக்குப் போனது. தமிழையும் அவள் மாமுவிடம்தான் படித்தாள். மாமு வாயிலிருந்து வந்ததில் பாதி வசவு, ஆகவே லானுக்குத் தெரிந்த தமிழிலும் பாதி வசவு. ஊரிலிருந்து பெரிய மனிதர் யாராவது வீட்டுக்கு வந்தால் நான் அவளைப் பேசவிடாமல் தேநீர் போட அனுப்பிவிடுவேன்.

மகள் மைமூன். வாப்பா என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்தேன். அவள் முன்பாதியை விழுங்கிவிட்டு "பா" என்கிறாள். வியட்நாமியத்திலும் அப்பாவுக்கு "பா" என்றுதான் பெயர். என்னை எந்தப் பாஷையில் கூப்பிடுகிறாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் "கூப்பிட்டா வரீங்கதானே, அப்புறம் என்ன?" என்கிறாள், அதையும் பிரெஞ்சில்.

4

இனி ராஜாங்கங்கள். எத்தனை வந்து போயின என்று கேட்காதீர்கள். எல்லோரும் முதலில் சொன்னது ஒன்றுதான்: "உங்களை விடுவிக்க வந்திருக்கிறோம்." சொன்ன கையோடு செய்ததும் ஒன்றுதான்: எங்கள் வீட்டு வாசலில் சும்மா கிடந்த தேக்கு மரத்தைச் சாலைக்குக் குறுக்கே இறக்கினார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நாலு வண்டி தானாக வந்து நிற்கிற இடத்தைப் பார்த்தால் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குக் கை சும்மா இருக்குமா?

ஜப்பான்காரன் வந்தான். சாவடி முன்னால் எல்லோரும் இறங்கிக் குனிய வேண்டும் என்றான். குதிரைகள் தானாக நின்று கழுத்தைத் தாழ்த்தியதைப் பார்த்து காவல்காரனுக்கு ஒரே சந்தோஷம். அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லி எங்களைத் திட்டினான். அவை லானுடைய கையில் இருந்த கரும்பைப் பார்த்துக் குனிந்தன என்று அவனிடம் யார் சொல்வது?

ஜப்பான்காரன் தோற்றதும் இங்கிலீஷ்காரன் இந்தியப் பட்டாளத்தைக் கொண்டுவந்து இறக்கினான். நம்ம ஆட்கள் என்று நான் மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு ஓடினேன். பஞ்சாபி ஹவில்தார் இந்தியில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். அவர் இங்கிலீஷில் கேட்டார், நான் பிரெஞ்சில் சொன்னேன். "நீ என்ன மாதிரி இந்தியன்?" என்கிற பாவனையில் மேலும் கீழும் பார்த்துவிட்டு மரத்தை இறக்கச் சொன்னார். என் கூரையில் இயந்திரத் துப்பாக்கி வைத்ததும் அவர்தான். புறா அன்றைக்குப் போனது, ரொம்ப நாள் திரும்பவில்லை.

பிறகு பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்தான், மணல் மூட்டையோடு. கீரைக் கட்டுக்குள் கையெறிகுண்டு தேடினான். ராத்திரி அந்தப் பக்கத்து மூங்கிலுக்குள்ளிருந்து அவனை எதிர்த்தவர்கள் சுடுவார்கள், இந்தப் பக்கத்திலிருந்து இவன் சுடுவான். நடுவில் அந்தத் தடித்த சுவருக்குள் நாங்கள் மூன்று பேரும் தரையோடு தரையாகக் கிடப்போம். லான் மைமூன் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, மாமு கற்றுக்கொடுத்த தமிழில் இரண்டு பக்கத்தையும் ஏசுவாள். சுவர் பூராவும் குண்டு கொத்தின பள்ளம். ஒன்றுகூட உள்ளே வரவில்லை. கட்டினவனை நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் அந்தச் சுவருக்கு மட்டும் கையெடுத்து சலாம் வைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு ரவுடிக் கூட்டம். நகரத்துப் போலீஸையே குத்தகைக்கு எடுத்தார்கள், வல்லாஹி, நான் இட்டுக்கட்டவில்லை. போலீஸைக் குத்தகைக்கு விடலாம் என்கிற யோசனை நம் மாமுவுக்குக்கூடத் தோன்றவில்லை.

5

பிறகு அந்த வருஷம் வந்தது. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். சைகோனிலும் பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டினான், காரைக்காலிலும் மூட்டை கட்டினான். ஒரு பிரான்சிலிருந்து புறப்பட்டு இன்னொரு பிரான்சுக்கு வந்தவன் நான். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, இரண்டு பிரான்சும் எழுந்து போய்விட்டன. வெளிநாட்டார் பதிவு என்று ஓர் ஆபீஸில் போய் நின்றேன்.

"எந்த நாடு?" என்றார் குமாஸ்தா.

"காரைக்கால்."

"அது எந்த நாட்டில் இருக்கிறது?"

"நான் புறப்பட்டபோது பிரான்சில் இருந்தது. இப்போது இந்தியாவில் இருக்கிறது என்கிறார்கள்."

"அப்படியானால் இந்தியாவிலிருந்து வந்தீர்கள்."

"இல்லை ஐயா. நான் இங்கே வந்த பிறகுதான் இந்தியா அங்கே வந்தது."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நாளைக்கு வரச் சொன்னார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

தெருக்களுக்கெல்லாம் பெயர் மாற்றினார்கள். ஒரு வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஏணியோடு ஆள் வந்தது. நெற்றியிலிருந்த பிரெஞ்சுக் குடியரசை உளியால் கொத்தி எடுத்தார்கள். எடுத்த இடம் பளிச்சென்று வெளுத்துப்போய், முன்னே மங்கலாகத் தெரிந்த எழுத்து இப்போது தெருக்கோடி வரை தெரிந்தது. மேற்பார்வைக்கு வந்த சாலை அதிகாரி பெயர் துவான். ஓங் துவான் என்பார்கள். ஓங் என்றால் இங்கே ஐயா மாதிரி. குட்டையான, சுத்தமான, அவசரமான மனிதர். அண்ணாந்து பார்த்துவிட்டு எரிச்சலோடு சொன்னார்.

"பரவாயில்லை, ஏழாம் அண்ணா. சுண்ணாம்பு பூச வேண்டாம். சாலையை அகலமாக்குகிறோம். கட்டடமே போய்விடும்."

எங்களை இங்கே எல்லோரும் ஏழாம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள், இந்தியன் என்றாலே ஏழாமவன். முதல் ஆறு அண்ணன்மார் யாரென்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

"வீடு கியா தின் மாகாணத்திலும் இருக்கிறதே ஐயா" என்றேன், ஏதோ ஒரு நப்பாசையில்.

"அவர்களும் நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள்" என்றார். ஓட்டைக் கூரைக்கு வராத இரண்டு ஆபீஸும் இடிக்க மட்டும் கைகோத்துக்கொண்டு வந்தன.

அன்று மாலை காசிம் நானா வந்தார். சந்தையில் அவருடைய துணிக்கடையை விற்று முடித்தாகிவிட்டது. வந்தவர் என்னைக் கிளறினார். "என்னடா, இன்னும் இந்த மண்ணைக் கட்டிக்கிட்டு அழப்போறியா? ஊரு இப்ப நம்ம ஊரு. வந்து சேரு." எனக்கு வீட்டின் நெற்றியைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் வாய் வந்துவிட்டது.

"வீடு இடிஞ்சா கப்பல்தான் நானா. நானும் பொஞ்சாதி பிள்ளையும் வந்துடுறோம். இது சத்தியம்."

நானா இந்தச் சத்தியத்தை மறுநாள் ஜும்ஆத் தொழுகைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லி முடித்தார். என்னைக் கட்டித் தழுவினார்கள், துஆ செய்தார்கள், ஊருக்குக் கொண்டுபோகச் சாமான்கூடக் கொடுத்துவிட்டார்கள். இனிமேல் பின்வாங்கினால் என் முகத்தில் யார் முழிப்பார்கள்?

லானிடம் சொன்னேன். அவள் கரும்பு சீவிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

"உங்க ஊர்ல என்னை எல்லாரும் பாத்திமான்னு கூப்பிடுவாங்க மச்சான்" என்றாள். "நல்ல பேருதான். ஆனா லான்னு கூப்பிட ஆளே இருக்காது. எனக்குப் பயமா இருக்கு."

அவள் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. துப்பாக்கி வெடித்தபோதுகூட அவள் ஏசினாளே தவிர பயம் என்று சொன்னதில்லை.

"சத்தியம் பண்ணிட்டேனே புள்ளே."

அவள் எழுந்து கத்தியைக் கழுவினாள். "சரி. புருஷன் சத்தியத்தை நான் உடைக்கமாட்டேன். சாவடி விட்டா போகலாம்."

இடிக்கப்போகிற சாவடி எப்படி விடாமல் இருக்கும் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மைமூன் அன்றிலிருந்து என்னோடு எந்தப் பாஷையிலும் பேசவில்லை.

6

இடிக்க வந்தவர்கள் ஒரு காலையில் முடித்துவிடலாம் என்று மதியச் சாப்பாடுகூடக் கொண்டுவராமல் வந்தார்கள். சுவர் அவர்களைச் சாப்பிட்டது. கடப்பாரை வளைந்தது. வாரக்கணக்கில் தட்டினார்கள். கடைசி மூலை விழுந்தபோது திரும்பி வந்திருந்த புறா எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எதிர்ப்புறத்துத் தந்திக் கம்பத்தில் உட்கார்ந்தது. நாங்கள் ஹோக் மோன் பாதையில் கொஞ்ச தூரம் தள்ளி இருந்த லானுடைய அக்காள் வீட்டில் ஒதுங்கினோம். லான் மட்டும் தினம் காலையில் கரும்புக் கூடையோடு வெறும் இடத்துக்குப் போய் நின்றாள். "குதிரைக்கு நோட்டீஸ் யாரும் குடுக்கலையே" என்றாள்.

புதுச் சாலைக்குத் திறப்பு விழா வைத்தார்கள். பெரிய இடத்திலிருந்து பெரிய மனிதர் வருகிறார். ஓங் துவான் வெள்ளை உடுப்பில் வியர்த்துக்கொண்டிருந்தார். சாலைக்கு மேலே நீளமாக ஒரு துணி கட்டியிருந்தது: "சுதந்திர மண்ணில் யாரும் எங்கும் நிற்கத் தேவையில்லை." துணி என் சரக்கு, நல்ல மல், அதிகாரி அவசரத்தில் விலை பேசாமல் வாங்கினார். விடுதலையடைந்த விவசாயிகள் முதலில் போக வேண்டும், பின்னால் பெரிய மனிதர் கார் போக வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. அதற்காகத் தோ மோ வண்டிகளுக்குக் காகிதப்பூ சுற்றி வரிசையாக நிறுத்தியிருந்தார்.

பேண்டு வாத்தியம் முழங்கியது. நாடா வெட்டினார்கள். வண்டிகள் புறப்பட்டன. சாவடி இருந்த இடம் வந்தது. முதல் குதிரை நின்றது. அதற்குப் பின்னால் இரண்டாவது நின்றது. வரிசை பூராவும் நின்றது. "யாரும் எங்கும் நிற்கத் தேவையில்லை" என்கிற துணிக்கு நேர் கீழே.

முதல் வண்டி ஓட்டினவர் பெயர் ஆறாம் அண்ணன்; இந்த ஊரில் பிறந்த வரிசை எண்ணையே பெயராகக் கூப்பிடுவார்கள். எங்களுக்குப் பழைய சிநேகம். அவர் சாட்டையை வீசிப் பார்த்தார். இறங்கித் தள்ளிப் பார்த்தார். ஓங் துவான் ஓடி வந்து குதிரையிடம் நேரடியாகவே பேசிப் பார்த்தார். பெரிய மனிதரின் கறுப்புக் கார் ஹார்ன் அடித்தது. பேண்டுக்காரர்கள் வாசித்த பாட்டையே திரும்பவும் முதலிலிருந்து பிடித்தார்கள்.

லான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கூடையோடு நடந்தாள். ஒரு குதிரைக்கு ஒரு துண்டு, ஒவ்வொன்றின் நெற்றியையும் தடவிக்கொடுத்து, ஒரு அவசரமும் இல்லாமல். தின்ற குதிரை நகர்ந்தது. கார் கண்ணாடி இறங்கியது.

"யார் அந்தப் பெண்?" என்றார் பெரிய மனிதர்.

ஓங் துவான் கார்ப் பக்கம் குனிந்தார். "சாவடிக்காரி, ஐயா" என்றார்.

"சாவடி எங்கே?"

"இடித்துவிட்டோம், ஐயா."

"எல்லா வண்டியும் தானாக நிற்கிற இடத்தில் ஒரு காவல்சாவடி வைக்கக்கூடத் தோன்றவில்லையா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மறுவாரமே செங்கல் வந்து இறங்கியது. பழைய கல்தூண் குப்பையில் கிடந்ததைத் தேடி எடுத்து நட்டார்கள். புதுச் சாவடிக்கு ஜன்னலை ஓங் துவானே நின்று அளந்து வைத்தார். ஆள் உயரத்துக்கு மேலே வைத்தார். நெற்றியில் ஒரு வட்டக் குழியும் விட்டிருக்கிறார்கள். கடிகாரத்துக்கு அனுமதி வந்துவிட்டதாம். ஜன்னலை ஒட்டின இடத்தில் கரும்பு விற்றுக்கொள்ள லானுக்கு வாய்வார்த்தையாக உத்தரவு கொடுத்தார். பக்கத்தில் துணிக்கும் இடம் உண்டு என்றார்.

"அதெல்லாம் எதுக்கு? நாங்க கப்பலேறப் போறோம்" என்றேன் வீறாப்பாக. சத்தியம் இருக்கிறதே!

7

கப்பல் நாள் வந்தது. காசிம் நானா விடியற்காலையே துறைமுகத்துக்குப் போய்விட்டார். ஆறாம் அண்ணன் வண்டியைக் கொண்டுவந்தார். பெட்டிகளைப் பின்னால் ஏற்றினார். லான் அக்காளைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மைமூன் என் எதிரில் உட்கார்ந்து என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்துக்கு அந்தச் சாலையை விட்டால் வேறு வழி கிடையாது.

சாவடியில் குதிரை நின்றது.

மரம் ஏறித்தான் இருந்தது. ஜன்னலில் இருந்த சிப்பாய் எங்களைத் தெரிந்தவன், போகலாம் என்று கை காட்டினான். குதிரை மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"கரும்பைக் குடு" என்றேன் லானிடம்.

அவள் கை இரண்டும் மடியில் இருந்தன. "நான் இன்னைக்குப் பிரயாணி" என்றாள். "கூடையை அக்கா வீட்டிலேயே வச்சுட்டேன்."

ஆறாம் அண்ணனைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். நானே இறங்கினேன். எதிர்ப்பக்கம் ஒரு கிழவி இளநீரோடு கரும்பும் விற்றாள். ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வந்தேன். குதிரைக்கு நீட்டினால் போதும். அது மென்றுகொண்டே நடக்கும், கப்பல் வரைக்கும் நடக்கும். சத்தியமும் பிழைக்கும், ஜும்ஆவில் என் முகமும் பிழைக்கும்.

குதிரை கழுத்தை நீட்டியது. நான் வண்டிக்குள் பார்த்தேன். லான் என்னைப் பார்க்கவில்லை. கெஞ்சவும் இல்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் கொடுத்திருப்பேன். மைமூன்தான் பேசினாள்.

"வாப்பா" என்றாள். முழுசாகச் சொன்னாள். அத்தனை நாள் பேசாமல் இருந்தவள்.

அல்லாவே, எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கரும்பை என் வாயில் வைத்துக் கடித்தேன். கடைவாய்ப் பல் ஒன்று ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது, அது உயிர் போகிற மாதிரி வலித்தது. விடவில்லை. நடுச்சாலையில், கப்பல் உடுப்போடு, துருக்கித் தொப்பியோடு நின்று, சாறு தாடியில் ஒழுக ஒழுக மென்றேன். சிப்பாய் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தான். குதிரை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் போன்ற அவமானம் எனக்கு ஜும்ஆவில்கூட நேராது.

"பல்லு போயிடும், எருமை!" என்று லான் மாமுவின் தமிழில் கத்திக்கொண்டே குதித்து இறங்கினாள். சிரித்தாளா அழுதாளா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. என் கையிலிருந்த மிச்சத்தைப் பிடுங்கிக் குதிரையின் வாயில் வைத்தாள்.

இவ்வளவுதான் நடந்தது. ஊரில் மருந்து என்கிறவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். காசிம் நானா, துறைமுகத்தில் உங்களை வெயிலில் காக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும். நான் மனசு மாறினது அந்தக் கடைசி நிமிஷத்தில்தான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

ஆனால் ஒன்று. "பெட்டியை இறக்குங்க" என்று ஆறாம் அண்ணனிடம் சொல்லிவிட்டு, முடிச்சவிழ்க்க உதவலாம் என்று நானும் வண்டிக்குப் பின்னால் போனேன். முடிச்சே இல்லை. அந்த மனிதர் பெட்டிக்குக் கயிறே போட்டிருக்கவில்லை.